டீக்கனும் ஒநேசிமுவின் பெயரும்

வீடு பற்றி எரியும்போது, வாசலில் நின்று ‘தீ’ என்ற சொல் எந்த வேரிலிருந்து முளைத்தது என்று விளக்கும் மனிதரை நீங்கள் பார்த்ததுண்டா? இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த இனத்துக்குப் பெயர்தோண்டி என்று பெயர். எந்த மதத்திலும் விளையும், உரமே வேண்டாம். அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில், எங்கள் கறுப்பின மக்களின் பாப்டிஸ்ட் சபையில் விளைந்திருப்பவர் டீக்கன், அதாவது சபை உதவி ஊழியர், பர்ஸெல் கெய்தர்.

ஞாயிறு காலை ஆராதனைக்கு முன்னால் பெரியவர்களுக்கு வேதபாட வகுப்பு. கக்கத்தில் மூன்று அகராதி, சட்டைப் பையில் நான்கு வண்ண மை கொண்ட பேனா, மூக்கு நுனியில் கண்ணாடியுமாக டீக்கன் வருவார், கண்ணாடியைத் துடைப்பார், தொண்டையைச் செருமுவார், “மூல பாஷையில என்ன சொல்லியிருக்குன்னா...” என்று ஆரம்பிப்பார். போச்சு! செங்கடலைப் பிளந்த மோசே நேரில் வந்து கோலை நீட்டினாலும் அந்தப் பேச்சு பிளந்து வழிவிடாது.

இம்முறை அவரிடம் மாட்டியவன் ஒநேசிமு. பிலேமோன் என்ற வசதிக்காரரின் அடிமை, ஓடிப்போனவன் என்பார்கள், கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்து அப்போஸ்தலர் பவுல் எஜமானிடமே திருப்பி அனுப்பிய ஆள். வேதத்தில் அவனுக்குக் கிடைத்தது ஒரு சின்னக் கடிதம். டீக்கனிடம் கிடைத்தது ஐந்து ஞாயிறு. அவன் பெயருக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று பொருளா, லாபம் தருகிறவன் என்று பொருளா? பிற்காலத்தில் அதே பெயரில் எபேசுவில் இருந்த ஆயர் இவன்தானா, வேறொருவனா? பெயரின் வேரையெல்லாம் தோண்டுவார். அந்த வேரில் சுற்றிக் கிடந்த சங்கிலி மண்வெட்டியில் ‘ணங்’கென்று இடித்தாலும் காதில் விழாது.

அந்த ஐந்து ஞாயிறும் கையில் ஒரு மனுவோடு கடைசி வரிசையில் காத்திருந்தவர் சிஸ்டர் யூலா பிங்க்னி. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். சபைக்குப் பின்னால் பைன் மரங்களுக்கு அடியில், அடிமைகளாக இருந்த எங்கள் முன்னோர்கள் புதைந்து கிடக்கிறார்கள். அவர்கள்மேல் சாலை போட மாவட்ட நிர்வாகத்துக்கு ஆசை. சபையின் அறங்காவலர் ஐவரும் கையெழுத்திட்ட எதிர்ப்பு மனு திங்கள் காலை ஒன்பது மணிக்குள் போய்ச் சேர வேண்டும். அறங்காவலர்களின் தலைவர் யார் என்று கேட்கிறீர்களா? வேறு யார்? அவர் போடாமல் மற்ற நால்வரும் பேனாவைத் தொட மாட்டார்கள்.

“இன்னிக்காவது போடுங்க டீக்கன். நாளைக்குக் கடைசி நாள்.”

“போடாம எங்க போறேன் சிஸ்டர்? அங்க கெடக்கறது யார் யாருன்னு மொதல்ல உறுதி பண்ணணுமில்ல? பேரு படிக்கிற மாதிரி ஒரு கல்லாவது இருக்கா?”

“ஒண்ணு இருக்கு. ‘கேட்டோ’ன்னு பேரு.”

சொன்ன மறுகணமே யூலா நாக்கைக் கடித்துக்கொண்டார். டீக்கனின் முகத்தில் சூரியன் உதித்துவிட்டது.

“கேட்டோ! அது ரோமாபுரிப் பேரு சிஸ்டர்! கெட்டிக்காரன்னு அர்த்தம்...”

இருபது நிமிடம் ரோமாபுரியில் ஊர்வலம். சமையலறையில் கோழி பொரிந்து முடிந்தது. அறங்காவலர் பிரதர் லீவை குறட்டையில் இரண்டாம் சுருதிக்கு ஏறியிருந்தார்.

“டீக்கன்!” பின்சீட்டுச் சண்டைகளை முப்பது வருடம் அடக்கிய குரல். யூலா எழுந்து நின்றுவிட்டார். “ரோமாபுரிப் பேரு இந்தப் பருத்திக்காட்டுக்கு எப்படி வந்துச்சு? அவனோட அம்மாவா வச்சா?”

“இல்ல... எஜமான் வச்சிருப்பான். அப்பல்லாம் வேட்டைநாய்க்குக்கூட இந்த மாதிரிதான்...” டீக்கன் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“ஒநேசிமுவுக்குப் பிரயோஜனமுள்ளவன்னு வச்சது யாரு? அவன் அம்மா அவன என்னன்னு கூப்பிட்டா? பிலேமோன் அவன விடுதலை பண்ணினானா இல்லையா? அஞ்சு வாரமா கேக்கறேன்.”

மூன்று அகராதியும் புரண்டன.

“அதுக்கெல்லாம் ஆதாரம் இல்ல சிஸ்டர்.”

“கேட்டோவுக்கு ஒரே ஒரு ஆதாரம் இருக்கு, அந்தக் கல்லு. புல்டோசர் அதையும் பேத்துப் போட்டுட்டா, எந்த அகராதியில தேடுவீங்க?”

குறட்டை நின்றது. பிரதர் லீவை கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார். “தலைவரு ரோமாபுரியில இருந்து திரும்பி வந்து போடட்டும். எங்கிட்டக் குடுங்க சிஸ்டர்.” அவர் போட்டார். மற்ற மூவரும் வரிசையில் வந்து போட்டார்கள். காகிதம் டீக்கன் முன்னால் வந்து நின்றது. ஐந்தாவது கோடு மட்டும் காலி.

அவர் பேனாவை எடுத்தார். கறுப்பா, நீலமா என்று யோசித்தார். நீலம். முனை காகிதத்தைத் தொட்டது. மறுபடி உயர்ந்தது.

“கையெழுத்துங்கற வழக்கமே மொதல்ல எங்க ஆரம்பிச்சுதுன்னா...”

“டீக்கன்!” என்றது மொத்த வகுப்பும்.

போட்டுவிட்டார். மறுநாள் எட்டு மணிக்கே யூலாவின் கார் மாவட்ட அலுவலக வாசலில் நின்றது.

சிரிக்கிறீர்களா? நல்லது. ஆனால் அந்த எபேசு ஆயர் ஒநேசிமுதானா என்று தெரியாமல் உங்களுக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் அரிக்கிறதே, ஏன்? கேட்டோவின் கல் தப்பித்ததா என்று கேட்பதற்கு முன்னால் அகராதிப் பக்கம் கை போனதா, இல்லையா? போனால் போகட்டும். உங்கள் ஊரிலும் ஒரு யூலா கடைசி வரிசையில், ஒரு கோடு மட்டும் காலியான காகிதத்தோடு உட்கார்ந்திருப்பார். எழுந்து போய் அதை வாங்கிப் படியுங்கள். நியாயம் என்று பட்டால் உங்கள் பெயரை எழுதுங்கள். அதன் வேரைச் செவ்வாய்க்கிழமை தோண்டிக்கொள்ளலாம்.