மெலிந்த மூளைகளின் மையம்

பினாங்குத் தீவு உலகுக்கு அளித்த கொடைகளில் நாசி கண்டார் சோற்றுக்கு அடுத்த இடம் 'வருங்கால மூளை மைய'த்துக்குத்தான். முதல் இடத்துக்கும் அது மனுப் போட்டிருப்பதாகக் கேள்வி. பாயான் பாருவில் இருந்துகொண்டு, பதின்ம வயதுப் பிள்ளைகளின் மூளையை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் படமெடுத்து, அதன் மேலுறை எத்தனை தடிமன் என்று அளந்து, தேசத்தின் எதிர்காலத்தையே கணித்துச் சொல்லும் மையம் அது.

இயக்குநர் டாக்டர் லோகேஸ்வரன் பரந்த உள்ளம் படைத்தவர். ஸ்கேனுக்குள் பிள்ளை தலையை ஆட்டினால் படம் கலங்கும். கலங்கிய படத்தில் மேலுறை உள்ளதைவிட மெலிந்து தெரியும். வேறு ஊர்களில் அப்படிப்பட்ட படங்களை ஈவிரக்கமின்றித் தள்ளிவிடுகிறார்களாம். இவர் ஒன்றைக்கூடத் தள்ளியதில்லை.

"நல்ல படம், கெட்ட படம்னு பிரிக்கிறதே பாகுபாடு, ஷர்மினி. இங்க எல்லாப் படமும் சமம்" என்பார்.

ஷர்மினி, படங்களின் தரம் பார்க்கும் அதிகாரி. பார்ப்பதோடு அவள் வேலை முடிந்தது. பார்த்ததைச் சொல்வதற்குத் தனிப் பிரிவு. அது இன்னும் திறக்கப்படவில்லை.

இப்படித்தான் மையம் தன் மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்தது: பினாங்குப் பிள்ளைகளின் மூளை மெலிகிறது! காரணம், கைப்பேசி. செய்தியாளர்கள் திரண்டு வந்து, அதைக் கைப்பேசியிலேயே படமெடுத்துப் போனார்கள்.

மெலிந்தவர்களில் பதின்மூன்று வயது ஷார்லினும் ஒருத்தி. அவளுடைய பள்ளி ரோபோ அணி அடுத்த வாரம் கோலாலம்பூர் போட்டிக்குக் கிளம்பவிருந்தது. "மூளைக்கு முழு ஓய்வு. போட்டி கீட்டியெல்லாம் கூடாது" என்று டாக்டர் உத்தரவிட்டார். அம்மா சவுந்தரம் சம்மதித்துவிட்டார். மகள் சம்மதிக்கவில்லை. மறுநாளே அம்மாவை இழுத்துக்கொண்டு ஷர்மினியின் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, அந்த ரோபோவுக்கு புரோகிராம் எழுதுனதே நான்தான். மெலிஞ்ச மூளை எழுதுமா?"

"டாக்டரே சொல்லிட்டாரு, இவ கேக்க மாட்டேங்குறா லா!" என்றார் சவுந்தரம், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஷர்மினி படத்தைத் திறந்தாள். குளத்தில் கல் விழுந்தாற்போல் வளையம் வளையமாக இருந்தது.

"உள்ள ஆடுனியா, தங்கச்சி?"

"ஆடாம? ஸ்கேனுக்கு முன்னாடி பெரிய பங்குஸ் பையில ரோஸ் பாலு சிராப் பண்டோங் குடுத்தீங்க. குடிக்காட்டி அதைக் குடுக்குற அண்ணே கோவிச்சுக்கிறாரு. குடிச்சதும் முக்கால் மணி நேரம் அசையாம படுன்னா எப்படி? ஒண்ணுக்கு முட்டுது, தண்டாஸ் போவணும்னு கத்துனேன். மெஷின் போட்ட சத்தத்துல யாருக்குக் கேட்டுச்சு?"

ஷர்மினிக்குச் சிரிப்பும் திகிலும் ஒருசேர வந்தன. வந்த பிள்ளையைத் தொண்டை காயப் படுக்க வைப்பது நம் பண்பாடா என்று கேட்டு டாக்டரே ஏற்படுத்திய உபசரிப்பு அது. அதிலிருந்து ஒரு பிள்ளையும் தப்பியதில்லை.

அவள் யாரையும் கேட்கவில்லை. ஷார்லினை முதலில் தண்டாஸுக்கு அனுப்பினாள், பிறகு ஸ்கேனுக்கு. படம் பளிங்காக வந்தது. மேலுறைக்கு ஒரு குறையுமில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று டாக்டரின் அறைக்குள் நுழைந்தாள்.

"டாக்டர், இது ஷார்லினோட புதுப் படம். மேலுறை நல்லாவே இருக்கு. பழைய படந்தான் தப்பு."

டாக்டர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"தடிச்சிருச்சு ஷர்மினி!"

"இல்ல டாக்டர், அது முதல்லேருந்தே..."

"ஓய்வு எடுக்கச் சொல்லி எத்தனை நாளாச்சு?"

"நேத்துதான் சொன்னீங்க."

"ஒரே நாள்ல! உலகத்துல எவனும் குடுக்காத சிகிச்சை!"

'குணமடைந்த முதல் நபர்' கோலாலம்பூர் போக உடனே அனுமதி வழங்கப்பட்டது. ஷார்லின் துள்ளினாள். சவுந்தரம் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் பேரில் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுவதாக வாக்களித்தார். இருவரும் போகும்வரை ஷர்மினி காத்திருந்தாள்.

"மத்தப் பிள்ளைங்களையும் இதே மாதிரி மறுபடி எடுத்துடலாம் டாக்டர். எல்லாரும் நல்லாத்தான் இருப்பாங்க."

டாக்டர் அவளைக் கனிவோடு பார்த்தார்.

"எல்லாரும் நல்லா இருந்துட்டா, நம்ம சிகிச்சை வேலை செய்யுதுன்னு எப்படிம்மா நிரூபிக்கிறது? ஒப்பிட்டுப் பாக்க ஆள் வேணாமா?"

வேண்டும்தான். ஆகவே மற்றப் பிள்ளைகள் பந்து தொடாமல், போட்டிக்குப் போகாமல், வீட்டில் முழு ஓய்வில் இருக்கிறார்கள். அறிவியலின் நன்மைக்காக, அவர்கள் எல்லாரையும் மையம் இன்றுவரை மெலிவாகவே வைத்துப் பாதுகாத்து வருகிறது.