பச்சைக் காரின் ஏழாம் சோதனை

2015ஆம் ஆண்டு மார்ச் 14, சனிக்கிழமை, காலை ஒன்பது பத்து. ஆஸ்திரேலியாவின் கோலாக் நகரில், குடை பிடிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யவிடாத தூறல். நெவில் வார்டலின் பட்டறை வாசலில், டிரெய்லரிலிருந்து இறக்கிய பச்சை நிறக் காரில் அமர்ந்து லிண்ட்சே புருயிட் இடப்பக்கச் சிக்னலைப் போட்டார். எரியவில்லை. வீட்டில் எரிந்தது.

இது ஏழாவது சோதனை. இருக்கை இரண்டு, கூரை இல்லை. 1962ஆம் ஆண்டு வண்டி. இருபது ஆண்டுகள் கொட்டகையில் கோழிகள் அடைந்துகொண்டிருந்த அதை லிண்ட்சே பிரித்துப் பூட்டி ஓடவைத்தார். சாலைக்குத் தகுதியானது என்று, அரசு அனுமதி பெற்ற பரிசோதகரான நெவில் கையெழுத்திட வேண்டும். ஆண்டுதோறும் நெவில் மறுத்தார். முதலில் வைப்பர் ரப்பர். அடுத்த ஆண்டு சீட் பெல்ட்டின் தையல். சென்ற ஆண்டு முன்கண்ணாடியில் மயிரிழை போன்ற ஒரு கோடு.

"சர்டிபிகேட் வரட்டும், கேப் ஆட்வே கலங்கரை விளக்கம் வரைக்கும் உன்னைக் கூட்டிட்டுப் போறேன்" என்று ஆறு ஆண்டுகளும் மனைவி நோரீனிடம் சொல்லியிருந்தார். மாலைதோறும் கொட்டகையில் டார்ச் பிடித்தவர் நோரீன். வேறெங்கும் நாளைக்கு நான்கு சொற்களுக்கு மேல் பேசாத லிண்ட்சே, அந்த வெளிச்சத்தில் மட்டும் ஓயாமல் பேசினார்.

சென்ற நவம்பரில் நோரீன் இறந்தார். இன்று பக்கத்து இருக்கையில் அந்த டார்ச் இருந்தது. அதற்கும் சீட் பெல்ட் போட்டிருந்தார்.

லிண்ட்சே டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டு ஓர் ஒயரை அழுத்தினார். சிக்னல் எரிந்தது; ஹார்ன் அலறியது. வேறோர் ஒயரை இழுத்தார். ஹார்ன் அடங்கியது, வைப்பர்கள் ஆடத் தொடங்கின. தூறலுக்கு அவை பொருத்தமே என்றாலும், நிற்க மறுத்தன. அவற்றை நிறுத்தியபின் பிரேக்கை மிதித்தால் ஹார்ன் அடித்தது.

பின்னால் தன் வண்டியில் காத்திருந்த பால்பண்ணைக்காரர் கெவ் தலையை நீட்டினார்.

"யோவ் லிண்ட்சே, வண்டி ஓட்டப் போறியா, கச்சேரி வைக்கப் போறியா?"

"ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு போகுதுய்யா."

"அப்ப தொடாம இரேன்யா!"

நெவில் வெளியே வந்தார். "இறங்கு" என்றார். கீழே படுத்து, எல்லா மின் இணைப்புக்கும் பொதுவான எர்த் ஒயரின் போல்ட்டை ஒரு சுற்று முடுக்கினார். எல்லாம் வழிக்கு வந்தன. பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தார்.

"பாஸ்."

லிண்ட்சே நம்பவில்லை. ஓய்வுபெற்ற நில அளவையாளரான அவர், ஓர் அங்குலம் பிசகினாலும் உறக்கம் வராதவர். சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"வைப்பர் ரப்பர்?"

"நல்லா இருக்கு."

"2009ல ஃபெயில் பண்ணின அதே ரப்பர்யா! புதுசு பொருந்தலைன்னு பழசையே மாட்டியிருக்கேன்."

நெவில் துணியால் கையைத் துடைத்தார்.

"கண்ணாடில கோடு?"

"கோடா? எனக்குத் தெரியலையே."

"போன வருஷம் தெரிஞ்சுதே!"

"ஏன்யா, பாஸ் பண்ணினதுக்கா சண்டைக்கு வர்றே?"

"போன வருஷமே பண்ணியிருக்கலாமேய்யா" என்றார் லிண்ட்சே. குரல் தாழ்ந்துவிட்டது. "அப்ப அவ இருந்தாளே. என் வேலைதான் சரியில்லைன்னு ஆறு வருஷமா அவகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டிருந்தேன்."

நெவில் துடைத்த கையையே மறுபடியும் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சற்று நேரத்தில், அலுவலகத்தில் ஃபோன் எடுக்கும் நெவிலின் அக்கா கிளெனிஸ் தூறலில் இறங்கி வந்தார். கையெழுத்திட்ட சான்றிதழை லிண்ட்சேயின் கையில் கொடுத்தார்.

"அவன்மேல கோவப்படாதீங்க லிண்ட்சே. ஒவ்வொரு வருஷமும் சோதனைக்கு முந்தின நாள் நோரீன் ஃபோன் பண்ணி, 'அந்தத் திறந்த வண்டி ஓட ஆரம்பிச்சா காத்துல அவர் பேசுறது ஒண்ணும் கேக்காது, இந்த வருஷமும் ஃபெயில் பண்ணிடச் சொல்லு'ம்பாங்க. இந்தத் தடவைதான் ஃபோன் வரல."