கைப்பிடிச் சித்தரின் கருமணி

மறைமலைநகரில் அந்த மாதம் யாரும் யாரையும் நலம் விசாரிக்கவில்லை. "உங்க வூட்டு ஹேண்டிலு மாத்தியாச்சா?" என்றுதான் கேட்டார்கள்.

காரணம் கைப்பிடிச் சித்தர். மாமல்லபுரத்துப் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பில் கடலைப் பார்த்து மூன்று ஆண்டுகள் தவமிருந்தாராம். ஒரு குடும்பத்தின் தலையெழுத்து அந்த வீட்டுக் கதவுக் கைப்பிடியில் இருக்கிறது என்று கடல் அவரிடம் சொன்னதாம். கடலுக்கு வேறு வேலை இல்லை.

நூலில் கட்டிய கருமணி ஒன்றை வைத்திருந்தார். கைப்பிடியருகே பிடிப்பார். தோஷமிருந்தால் மணி அதன்மேல் பாயும். பாய்ந்துவிட்டால் பரிகாரமும் அவர் பையிலேயே இருக்கும்: சிங்கமுகம் போட்ட பித்தளை உருண்டைக் கைப்பிடி. அதனருகே மணி சாதுவாகத் தொங்கும். கண்ணெதிரே நடக்கிற அதிசயம். ஜனங்கள் பார்த்தார்கள், வாங்கினார்கள்.

மானசாவின் வீட்டுக்கும் சித்தர் வந்தார். அழைத்தவள் அம்மா பர்வதம்.

மானசா இயற்பியல் படித்தவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கமாட்டாள். அப்பா கஸ்தூரிரங்கனுக்கு மூட்டுவாதம். விரல்கள் எதையும் இறுக்கிப் பிடிக்காது. அவருக்காகவே ஆறு மாதம் முன்பு செங்கல்பட்டில் மூன்று கடை ஏறி இறங்கினாள். ஒவ்வொரு கைப்பிடியையும் முழங்கையால் அமுக்கிப் பார்த்தாள். கடைக்காரர்கள் சிரித்தார்கள். கடைசியில் நீளக் கைப்பிடி ஒன்று கிடைத்தது. இரும்புதான், மேலே வெள்ளை முலாம். குளியலறைக் கதவில் மாட்டியதும் அப்பா முழங்கையால் ஒரு தட்டு தட்டினார். திறந்தது.

அந்தக் கைப்பிடிமேல்தான் மணி பாய்ந்தது.

"கீழே அமுக்குகிற கைப்பிடியம்மா இது. அமுக்க அமுக்கக் குடும்பமும் கீழே போகும்" என்றார் சித்தர்.

"ஏன்னா, பாத்தேளா?" என்றாள் பர்வதம்.

"பாத்தேன். ஆனா எனக்கு அமுக்கத்தான் முடியும் ஸ்வாமி. திருக வராது" என்றார் அப்பா.

"வரும். பித்தளை பட்டால் விரல் தானே மலரும்."

புறப்படும்போது மணி குளிர்சாதனப் பெட்டியில் 'டிக்' என்று ஒட்டிக்கொண்டது. சித்தர் சட்டென்று பிடுங்கிக்கொண்டு இருமினார். மானசா பார்த்துவிட்டாள். வாயைத் திறந்தாள். அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். வாய் மூடிக்கொண்டது.

அன்றே குளியலறைக் கதவில் சிங்கமுகம் ஏறியது. மானசா வாய் மூடியதன் விலையை மூன்றாம் நாள் அப்பா கொடுத்தார். பர்வதம் கோயிலுக்குப் போயிருந்தாள். மானசா வேலை முடிந்து வந்தபோது குளியலறைக் கதவை உள்ளிருந்து யாரோ தண்ணீர்க் குவளையால் தட்டும் சத்தம் கேட்டது. முக்கால் மணி நேரமாகத் தட்டிக்கொண்டிருந்தாராம்.

"இன்னும் மலரலேம்மா" என்றார், வெளியே வந்து.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டார். குடித்தால் குளியலறைக்குப் போக வேண்டுமே. சிறுநீரகத்தில் கல் இருக்கிறது, நிறையக் குடியுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மானசா சொம்பை நீட்டினால், "தாகமில்லேடி" என்பார். உதடு வெடித்திருந்தது.

"பழசையே மாட்டலாம்மா" என்றாள் அம்மாவிடம்.

"தோஷம்னு தெரிஞ்சுண்டு எப்படிடீ மாட்டறது? அந்த ஸ்வாமியே வந்து வேண்டாம்னு சொன்னா கழட்டு."

மானசா தச்சர் ஞானதாசைக் கூப்பிட்டாள். அவர் உருண்டையைக் கழற்றிக் குலுக்கிப் பார்த்தார். "உள்ள ஒண்ணுமே இல்ல பாப்பா. காலியா கீது."

"ஒரு இரும்பு நட்டு குடுங்கண்ணா" என்றாள் மானசா.

ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய அடுக்குமாடிக் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் சித்தருக்குப் பந்தல். ஐம்பது பேர். மானசா ஒரு தட்டைத் துணியால் மூடி எடுத்துப்போய் அவர் முன் வைத்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். பக்தி என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"இதுக்குப் பலன் சொல்லணும்" என்றாள்.

துணிக்கு மேலே மணி இறங்கியது. துள்ளிப் பாய்ந்தது.

"கொடிய தோஷம். இதை வீட்டில் வைத்தால் நோய், வழக்கு, பிரிவு. உடனே கடலில் எறி. எவன் விற்றான் இதை?"

மானசா துணியை எடுத்தாள். சிங்கமுகம் எல்லோரையும் பார்த்தது.

"நீங்கதான்" என்றாள்.

மானசா உருண்டையைக் கவிழ்த்தாள். நட்டு விழுந்தது. அதை மணியருகே கொண்டுபோனாள். 'டிக்'.

"இது காந்தம். இரும்புன்னா பாயும், பித்தளைன்னா பாயாது. அவ்வளவுதான்."

"குழந்தை, இது தெய்வ விஷயம்..." என்று ஆரம்பித்தார் சித்தர். ஞானதாஸ் நூலை அவர் கையிலிருந்து வாங்கி, அவருடைய ஸ்கூட்டர் பக்கம் நடந்தார். சித்தரின் செந்தமிழ் அங்கேயே உதிர்ந்தது. "அண்ணாத்த, வுடு. பேஜாரு பண்ணாத."

ஸ்கூட்டரிலும் 'டிக்'.

"வண்டிக்கும் தோஷம் கீது சாமி. நடந்தே போய்டு" என்றார் ஞானதாஸ்.

இரண்டாம் மாடி முனிசாமி எழுந்தார். கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரச் சோதனை செய்பவர். வீட்டில் நான்கு சிங்கமுகம். "யோவ், பதினெட்டு வருசமா இன்ஸ்பெக்சன்ல கீறேன். இரும்பானு பாக்க எனுக்கே காந்தம் குடுத்துகீறாங்க. என்கிட்டயே டபாய்க்கிறியா?"

"அப்புறம் ஏண்ணா வாங்கினீங்க?" என்று கேட்டாள் மானசா.

முனிசாமி கொஞ்சம் யோசித்தார். "அது டூட்டி டைம்ல மட்டும்தாம்மா பாப்பேன்."

பர்வதம் ஞானதாசிடம் போய், "அந்தப் பழசை மாட்டிக் குடுத்துடுங்கோ" என்றாள்.

மாட்டியதும் அப்பா முழங்கையால் தட்டினார். உள்ளே போனார். தானே வெளியே வந்தார். "பர்வதம், ஒரு சொம்பு ஜலம் குடு" என்றார். நின்றபடியே முழுச் சொம்பையும் குடித்தார். இன்னொன்று கேட்டார்.

மறுவாரம் அதே பந்தலில் வேறொருவர் வந்து உட்கார்ந்தார். சன்னல் கம்பியை எண்ணிப் பலன் சொல்வாராம். பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். பன்னிரண்டாவதாக நீங்கள் போய் நிற்குமுன் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எதைக் காட்டினால் நீங்கள் சொல்வது பொய் என்று ஒப்புக்கொள்வீர்கள்?" பதில் வராவிட்டால் வீட்டுக்குத் திரும்பிக் கதவைச் சாத்துங்கள். அதற்கு எந்தக் கைப்பிடியானாலும் போதும்.