எதிர்ச்சுவரில் அம்மா

சமூக அக்கறையும் கணினியும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தால், அவரைக் கல்யாண வேலைகளிலிருந்து விலக்கி வைப்பது குடும்பத்துக்கு நல்லது. என் குடும்பம் இதைச் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தது.

அக்காவின் திருமண விருந்து ஈப்போவை அடுத்த சிம்பாங் பூலாயில் ஒரு மண்டபத்தில் ஏற்பாடாகியிருந்தது. அம்மா இறந்து ஓராண்டு கடந்திருந்தது. மேடையருகே அம்மாவின் படம் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அக்கா வேறெதையும் கேட்கவில்லை. அப்பாவின் தங்கையான அத்தை மறுத்துவிட்டார்.

“மால போட்ட படத்த வெச்சா எல்லாரும் அழுதுகிட்டேதான் சாப்புடணும். மாப்பிள்ள வீட்டுக்காரங்க என்னா நெனப்பாங்க? வேணாம் லா.”

அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இருவர் உணர்வையும் மதிக்கும் தீர்வொன்றைக் காண்பது பட்டதாரியான என் கடமை என்று கருதினேன் (யாரும் என்னைக் கேட்கவில்லை).

என் தீர்வு மறைபடம். மேலோட்டமாகப் பார்த்தால் வெறும் பூவேலை. பார்வையைத் தளர்த்தி, தாளை ஊடுருவி நோக்கினால் உள்ளிருந்து ஓர் உருவம் புடைத்தெழும். அத்தைக்கு அது அலங்காரம், அக்காவுக்கு அம்மா.

முதலில் மணல் தூவியதுபோன்ற புள்ளிகளால் அம்மாவின் பக்கவாட்டு முகத்தை மறைத்தேன். உருவம் எழுந்தது; ஆனால் அது பழுதான தொலைக்காட்சித் திரையைப் போலிருந்தது. அடுத்து ரப்பர் இலைகள். இலைகளுக்கிடையே இருந்த வெற்றிடத்தில் அம்மாவின் மூக்கு காணாமல் போயிற்று. பிறகு அம்மாவின் பட்டுப்புடவையிலிருந்த மாங்காய் வேலைப்பாட்டை எடுத்தேன். எல்லா மாங்காய்களும் ஒன்றுபோலிருந்ததால், எதை எதனோடு சேர்ப்பது என்று கண் குழம்ப, அம்மாவுக்கு மூன்று கொண்டைகள் முளைத்தன. இறுதியில் மாங்காய்களைச் சிறிதாக்கி, ஒவ்வொன்றுக்கும் வேறு நிறமும் வேறு சாய்வும் கொடுத்து, இடைவெளிகளைப் பொடிப்புள்ளிகளால் நிரப்பினேன். விளிம்புகள் கத்தியாய்த் தெளிந்தன.

தாளை அப்பாவிடம் கொடுத்தேன். மூக்கருகே வைத்து, சொன்னபடியே மெல்லத் தள்ளிப் பிடித்தார். பிறகு தாளை இறக்கவே இல்லை.

“கொண்டையில பூ வெச்சிருக்கா,” என்றார்.

அந்தப் பெருமிதத்தில் ஈப்போ அச்சுக்கடைக்குப் போய், மண்டபச் சுவரை நிறைக்கும் அளவில் அதைப் பெரிதாக்கச் சொன்னேன். நெகிழி மண்ணுக்குக் கேடு என்பதால் துணியில் அச்சிடச் செய்தேன். விளைவுகளை எண்ணியே செயல்படுபவன் நான். ஒன்றை மட்டும் எண்ணவில்லை. மறைபடத்தில் ஒரே பூவேலைப் பட்டை திரும்பத் திரும்ப வரும். அந்தப் பட்டை இரு கண்களுக்கு இடையிலுள்ள தூரத்தைவிடக் குறுகலாக இருந்தால்தான் பார்வையைத் தளர்த்திப் பார்க்க முடியும். துணியில் ஒவ்வொரு பட்டையும் ஒரு முழம். இனி அம்மாவைக் காண ஒரே வழிதான் இருந்தது: இரு கண்களையும் மூக்கை நோக்கி இழுப்பது. அப்படிப் பார்த்தால் புடைத்திருக்க வேண்டியது குழியும்.

துணியை மேடைக்கு நேர் எதிர்ச்சுவரில் கட்டினேன். புகைப்படக்காரர் அதற்கு முன்னால் நின்றார். அக்காவுக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டிய ரகசியத்தை, அப்பா மகிழ்ச்சி தாளாமல், பாகான் டத்தோவிலிருந்து வந்த உறவினர்களில் தொடங்கி மேசை மேசையாகச் சொல்லிக்கொண்டு போனார்.

வாழ்த்த மேடையேறிய ஒவ்வொருவரின் கண்களும் மூக்கை நோக்கி நகர்ந்தன.

“அண்ணே, கேமரா இங்க இருக்கு லா! ஆன்டி, கண்ண நேரா வைங்க!” என்று கெஞ்சினார் புகைப்படக்காரர். “ஐயோ, மணப்பொண்ணுமா?”

மாப்பிள்ளையின் தாயார் அப்பாவைத் தனியே அழைத்தார்.

“சம்பந்தி, உங்க வீட்டுல எல்லாருக்கும் மாறுகண்ணா? மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?”

“அதெல்லாம் இல்லம்மா. எம்பொண்டாட்டியத்தான் பாக்குறாங்க.”

அந்த அம்மையார் பக்கத்து நாற்காலியைப் பற்றிக்கொண்டார். நான் குறுக்கிட்டு, இரு கண் பார்வை குறித்து விரிவாக விளக்கினேன் (அவர் முகம் மேலும் வெளிறியது).

நிலைமையைச் சீர்செய்ய அத்தை மேடையேறினார். “என்னாத்த அப்படிப் பாக்குறீங்க?” என்று அதட்டியபடி எதிர்ச்சுவரை நோக்கித் திரும்பினார். சிறிது நேரத்தில் அவர் கண்களும் மெல்ல உள்வாங்கி, அங்கேயே நின்றுவிட்டன.

“பள்ளமா இருக்கே,” என்றார். பிறகு, “அண்ணிதான். அதே கொண்ட,” என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா அழுதாள், சிரித்தாள். கண்களை மட்டும் நேராக்கவில்லை. புகைப்படக்காரர் மனம் வெறுத்து அதையும் எடுத்தார்.

ஆல்பத்தில் நேராகப் பார்க்கும் முகம் ஒன்றுகூட இல்லை. மாப்பிள்ளையின் தாயார் கடைசிப் பக்கத்தில் இருக்கிறார், அவருக்கும் மாறுகண். அம்மா எந்தப் படத்திலும் இல்லை. எல்லாப் படத்திலும் எல்லாரும் அவரைத்தான் பார்க்கிறார்கள்.

அண்மையில் அத்தை மகனின் திருமணம் பாரிட் புந்தாரில் நடந்தது. குடும்பப் படத்துக்கு நாங்கள் வரிசையாக நின்றோம். எதிர்ச்சுவரில் வெள்ளைச் சுண்ணாம்பைத் தவிர ஒன்றுமில்லை. புகைப்படக்காரர் கையை உயர்த்தினார். அவருக்கு முன்பே அத்தையின் குரல் எழுந்தது:

“எல்லாரும் அண்ணியப் பாருங்க!”

பார்த்தோம்.