மூக்குக்கு வழிவிட்ட கை

மூன்று மாதமாக ஊரே அந்த மாடிக் கூடத்தை நோக்கித்தான் படியேறிக்கொண்டிருந்தது. மற்ற வசியக்காரர்கள் வந்தவரை மட்டும் தூங்க வைப்பார்கள். இவர் தானும் கூடவே மயங்கி, வந்தவரின் மனத்துக்குள் இறங்கி, நோயை வேரோடு பிடுங்கிக்கொண்டு திரும்புவார். பெயர், ஆழ்நிலை அண்ணன். முதுகுவலி, முடி உதிர்வு, மாமியார் தொல்லை என எல்லாவற்றுக்கும் மனத்திலேயே வேர் இருந்தது அவருக்கு வசதியாகப் போயிற்று.

அன்று அக்காவின் முறை. வியாழக்கிழமை அவளுக்குக் கண்புரை ஆபரேஷன். ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போட்டாயிற்று. இனியும் தள்ளினால் பார்வைக்குத் தான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"புரை கண்ணுல இல்லம்மா, மனசுல. கத்தி வேண்டாம்," என்றிருந்தார் அண்ணன். போன வாரம் வெந்நீரைக் குவளைக்கு வெளியே ஊற்றிய அக்கா, அதை அப்படியே நம்பினாள்.

பக்கத்து நாற்காலியில் தங்கை. ஆஸ்பத்திரியில் மயக்க மருந்துப் பிரிவில் பத்தொன்பது வருட வேலை. தூங்குகிறவர்களைப் பார்த்தே சம்பளம் வாங்குகிறவள். அவளுக்கு அண்ணன்மேல் கோபம் வந்தது. தன்மேல் கொஞ்சம் அதிகமாகவே வந்தது. 'என்னம்மா பயம்?' என்று அக்காவிடம் கேட்டவர் அவர். 'சொட்டு மருந்து போட்டியா?' என்பதைத் தவிர தான் என்ன கேட்டோம்?

சாய்வு நாற்காலியில் அண்ணன் மல்லாந்தார். எதிரே அக்கா கண்ணை மூடினாள். அண்ணனின் தலை சரிந்தது. வாய் அளவாகப் பிளந்தது. மயக்கம் தெளிவிக்கும் மணியோடு நின்ற உதவியாளர் அம்மா கூட்டத்தைப் பார்த்தார்.

"அண்ணன் இறங்கிட்டார். இப்ப உடம்பு வெறும் கூடு. சந்தேகம் இருந்தா யாராவது வந்து கையைத் தூக்கி விட்டுப் பாருங்க."

தினமும் நடக்கும் காட்சிதான். யாராவது தூக்குவார்கள். கை 'தொப்'பென்று மெத்தைக் கைப்பிடியில் விழும். கூட்டம் 'அப்பா!' என்று மூச்சை இழுக்கும். மெத்தைமேல் விழுவதற்கு இவ்வளவு மரியாதை!

தங்கை எழுந்தாள்.

"சும்மா இருடி," அக்கா கண்ணைத் திறக்காமலே சீறினாள்.

"கூப்பிட்டாங்க, போறேன்."

கையைத் தூக்கினாள். கைப்பிடிக்கு மேலே அல்ல. அவருடைய மூக்குக்கு நேர் மேலே. அடிபடாமல் தடுக்க இன்னொரு கையைத் தயாராக வைத்துக்கொண்டாள். தொழில் பழக்கம். விட்டாள்.

தடுக்க வேண்டிய தேவையே வரவில்லை. கை நடுவழியில் யோசித்தது. பிறகு மூக்குக்கு மரியாதையாக வழிவிட்டு, நெஞ்சில் போய்ப் படுத்தது.

மறுபடி விட்டாள். இந்தத் தடவை காதோரம் போயிற்று.

"உள்ளே போன ஆளு மூக்கை மட்டும் வெளியே காவலுக்கு வச்சிட்டுப் போயிட்டாரு போல!" என்றது பின்வரிசை.

"நிஜமா மயங்கினவங்க கையை நாங்க இப்படி விடவே மாட்டோம். நேரா மூஞ்சியில விழும்," என்றாள் தங்கை. "இன்னொரு தடவை பார்க்கலாமா?"

"அந்தப் பொம்பளையை முதல்ல வெளியே அனுப்பு!" என்றார் அண்ணன், கண் மூடியபடியே.



"ஆழத்துல இருக்கிறவருக்கு ஆம்பளையா பொம்பளையான்னு எப்படி அண்ணே தெரிஞ்சுது?" என்றார் முதல் வரிசைத் தபால்காரர். கூடம் அதிர்ந்தது. உதவியாளர் அம்மா எதற்கும் இருக்கட்டும் என்று மணியை அடித்துவைத்தார். அண்ணன் மட்டும் எழவில்லை. எழுந்தால் கூட்டத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

படியிறங்கும்போது அக்கா தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"கத்தின்னாலே பயமா இருக்குடி. அதான் அவர் சொன்னது இனிச்சுது."

"வியாழக்கிழமை லீவு போட்டிருக்கேன். உன் பக்கத்துலயே நிப்பேன்."

அக்கா இரண்டு படி யோசித்தாள். "ஆனா அவர் சொன்னது பாதி சரிதான். மனசுலயும் புரை இருந்திருக்கு."

கீழே வாசலில் இரண்டு பேர், இதைவிடச் சக்தி வாய்ந்த ஒருவர் பக்கத்துத் தெருவுக்கு வருகிறாராமே என்று விலாசம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

கண்ணில் படியும் புரையை டாக்டர் மரத்துப்போக வைத்து எடுத்துவிடுவார். புத்தியில் படிவதை அவரவர் விழித்திருந்துதான் எடுக்க வேண்டும்.