பந்தலுக்கு அடித்த சுண்ணாம்பு என் தலைக்கு ஏறிய விவரம்

சேசு மரி சூசை துணை

ராயப்பன்பட்டி,
கல்லறைத் திருநாள் கழிந்த வியாழன்.

‘தோட்டத் துணைவன்’ மாத இதழின் மரியாதைக்குரிய ஆசிரியர் ஐயா அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் நெடுநாள் சந்தாதாரரும் பன்னீர்த் திராட்சை விவசாயியுமான பீட்டர்ராஜ் வணக்கமும் தோத்திரமும் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே மழை நலம். கொடி நலமில்லை. நானும் நலமில்லை. என் மனைவி ஆரோக்கியம்மாள் நலமா இல்லையா என்பது நாளைக்குத்தான் தெரியும். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

ஐயா, என்னைத் தங்களுக்கு ஞாபகம் இருக்க வேண்டும். கல்யாணமான புதிதில் என் பந்தலில் இலைக்கு அடியில் வெள்ளை பூத்து, மேலே எண்ணெய் சொட்டியதுபோல் பொட்டு விழுந்தபோது, இது என்ன என்று கேள்வி பதில் பகுதிக்கு எழுதிக் கேட்டவன் நான்தான். ‘அடிச்சாம்பல் நோய். மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் சம அளவில் தனித்தனியாகக் கரைத்து, ஒன்றாகக் கலந்து தெளிக்கவும்’ என்று பதில் போட்டீர்கள். அதைக் கத்தரித்து பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டினேன். அன்றிலிருந்து பனி இறங்கும் காலம் வந்தால் என் தோட்டம் நீலமும் வெள்ளையுமாகத்தான் இருக்கும். தங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பயம்தான் இருக்கிறது. அது தனியாகத் தாங்க முடியாத அளவுக்கு இருப்பதால் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். போன மாதம் பழனிசெட்டிபட்டியில் ஒரு கடை வாசலில் மொபெட்டைத் திருப்பும்போது, ஒரு நாய் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று முடிவு செய்யாமல் நிற்க, நானும் முடிவு செய்யாமல் போக, இரண்டு பேரில் கீழே விழுந்தது நான். தேனியில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த டாக்டர், “அடி ஒண்ணும் உள்ள போகல, நீங்க போகலாம்” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நானும் பேசாமல் போயிருக்கலாம். கூடக் கொடுத்த தாளை பஸ்ஸில் பிரித்தேன். அதில் ‘பினியல் கிளாண்ட்’ என்று போட்டு, பக்கத்தில் ‘கால்சிஃபிகேஷன்’ என்று போட்டிருந்தது. பினியல் எனக்குத் தெரியாது. கால்சியம் தெரியும் ஐயா, அது சுண்ணாம்பு. எந்தச் சுண்ணாம்பு என்று கண்டுபிடிக்க எனக்கு பஸ் வீரபாண்டி போகும் வரைக்கும்கூட ஆகவில்லை. இத்தனை வருஷம் மூக்கைத் திறந்துகொண்டு பந்தலுக்கு அடித்தது பந்தலில் மட்டுமா நின்றிருக்கும்? திரும்பிப் போய் டாக்டரையே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் சொல்லிவிடுவாரே என்ற பயத்தில் போகவில்லை.

என் மகள் பெனிட்டா மதுரையில் ஒரு நர்சிங் கல்லூரியில் உடற்கூறு பாடம் நடத்துகிறாள். அவளிடம் போனில் கேட்டேன். “ஒண்ணுமில்லப்பா. அது மூளைக்கு நடுவுல இருக்கிற குட்டிச் சுரப்பி. பைன் மரத்துக் காய் கணக்கா இருக்குன்னு அந்தக் காலத்து கிரேக்க வைத்தியருக அப்படிப் பேரு வச்சுட்டாக. நம்ம கம்பத்துக்காரவுக வெட்டிப் பாத்திருந்தா ஏலக்காய்ச் சுரப்பின்னு வச்சிருப்பாக. வயசானா அதுல கொஞ்சம் சுண்ணாம்பு படியும். பேசாமத் தூங்குங்க” என்றாள். பிள்ளைகள் அப்பாவிடம் ‘ஒண்ணுமில்ல’ என்று எப்போது சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். என் அப்பாவிடம் நானும் சொல்லியிருக்கிறேன். அவர் இப்போது கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்.

என் குரலில் நடுக்கத்தைக் கேட்டு, பேச்சை மாற்றுவதாக நினைத்து அவள் மற்றப் பேர்களையும் சொல்ல ஆரம்பித்தாள். வெளிநாட்டு வைத்தியர்கள் உடம்பை வெட்டிப் பார்த்து, தங்கள் வீட்டிலும் காட்டிலும் கண்டதையே பேராக வைத்துவிட்டுப் போய்விட்டார்களாம். காதுக்குள் நத்தை. மூளைக்குள் வாதுமைக் கொட்டை, அதற்குப் பக்கத்திலேயே கடல்குதிரை. சதைக்கு இங்கிலீஷில் உள்ள ‘மசில்’ என்ற பேருக்கு அசல் அர்த்தம் சுண்டெலி, தோலுக்கு அடியில் ஓடுவதுபோல் தெரிந்ததாம். இதயத்தில் ஒரு கதவுக்கு ஆயர் தலையில் வைக்கிற தொப்பியின் பேர். அன்றிலிருந்து நெஞ்சு படபடத்தால் ஆயருக்கு என் மேல் என்ன வருத்தமோ என்று சிலுவை போட்டுக்கொள்கிறேன். குடம் தூக்கினால் கையில் எலி ஓடுகிறது. எங்கள் வீட்டுப் பூனை என் கையையே உற்றுப் பார்ப்பது முன்னாலும் உண்டா, இப்போதுதானா என்று தெரியவில்லை.

கடைசியில், “உள்நாக்குக்கு என்ன பேரு தெரியுமாப்பா? குட்டித் திராட்சை!” என்று சிரித்தாள். ஐயா, திராட்சைக்காரனிடம் சொல்லக்கூடிய பேச்சா அது? டார்ச்சை எடுத்துக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் போய் வாயைத் திறந்தேன். பழம் தொங்கியது. அடியில் வெள்ளையாக ஒரு புள்ளி. காலையில் தின்ற இட்லியாகவும் இருக்கலாம், பூஞ்சணமாகவும் இருக்கலாம். பந்தலுக்கு அடிக்கிற கலவையில் செம்புச் சத்துள்ள துத்தம் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க இரும்புக் கத்தியை முக்கி, செம்பு நிறம் ஏறுகிறதா என்று பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் தாங்கள்தான். சுண்ணாம்பு தலைக்கு ஏறியிருந்தால் துத்தமும் ஏறியிருக்குமே. வாய் கொப்பளித்த தண்ணீரில் கத்தியை முக்கினேன். சிவந்தது. அலறிக்கொண்டு ஆரோக்கியத்திடம் ஓடினேன்.

அவள் கத்தியை வாங்கிப் பார்த்தாள். “இது வெறும் துருங்க. தேங்கா கீறுற கத்திய எச்சித் தண்ணியில முக்குனா அது வெக்கப்பட்டா செவக்கும்? அங்கன இலையில பொட்டு விழுந்து கெடக்கு, இங்கன நீங்க வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறீக.”

கொடி பூவும் பிஞ்சுமாக நிற்கிற நேரம் ஐயா. மழை விட்டுப் பனி இறங்கியிருக்கிறது. இப்போது மருந்து அடிக்காவிட்டால் இந்த வெள்ளாமை முழுவதும் போய்விடும். எனக்குத் தெரியாதா? ஆனால் சுண்ணாம்பு மூட்டையைப் பிரிக்கக் கை வரவில்லை. அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்துகொண்டேன். தலையில் ஈரத்துண்டு வேறு. பெனிட்டா எப்போதோ கொடைக்கானலிலிருந்து கொண்டுவந்த பைன் காய் ஒன்று ஷோகேஸில் இருக்கிறது. அது வெயிலில் விரிகிறது, ஈரத்தில் மூடிக்கொள்கிறது. உள்ளே இருப்பது விரிந்துவிட்டால் யார் பதில் சொல்வது?

பக்கத்துத் தோட்டத்து வேல்பாண்டி வேலி ஓரம் வந்து நின்றான். “அண்ணே, உங்க தலையில என்னமும் இருந்துட்டுப் போகுது. உங்க பந்தல்ல இருக்கிறது நாளைக்கு என் பந்தலுக்கு வந்துரும். நீங்க அடிக்கிறீகளா, நான் வந்து அடிக்கட்டா?” என்றான். நியாயமான கேள்விதான். துண்டை நனைத்துப் போட்டுக்கொண்டேன்.

இதற்கு நடுவில் கல்லறைத் திருநாள். அதே சுண்ணாம்பில் கொஞ்சம் ஆரோக்கியம் கரைத்து எடுத்துப்போய் அப்பா கல்லறைக்கு வெள்ளை அடித்தாள். தோட்டம் முழுக்க வெள்ளை வெளேரென்று கல்லறைகள். ஆன்மா உட்கார்ந்திருப்பது அந்தச் சுரப்பியில்தான் என்று வெளிநாட்டில் யாரோ ஒரு பெரிய அறிவாளி முன்காலத்தில் எழுதிவைத்ததாக பெனிட்டா போனை வைக்கும்போது சொன்னது அங்கே நிற்கும்போது ஞாபகம் வந்தது. திருநாளுக்கு முன்னாலேயே எனக்கு உள்ளே வெள்ளை அடித்தாகிவிட்டது என்று நினைத்ததும் மெழுகுவர்த்தியை ஆரோக்கியத்தின் கையில் கொடுத்துவிட்டேன். ஐயா, இதையெல்லாம் நான் சிரிப்புக்கு எழுதவில்லை.

வீட்டுக்கு வந்து மறுபடி மூட்டை மேல் உட்கார்ந்தேன். ஆரோக்கியம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எதிரே நின்றாள்.

“நீங்க ஓஸ் குழாயப் பிடிச்சு அடிச்சதோட சரி. தொட்டியில குனிஞ்சு கலக்குனது ஆரு? உங்களுக்கே காயளவு இருந்தா, எனக்கு இந்நேரம் தலை பூராம் கல்லாயிருக்கணும்ல?”

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அது உண்மை. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து கலவையைக் கலக்குவது அவள்தான். முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு, கம்பை விட்டு ஆட்டிக்கொண்டு, என்னை ஏசிக்கொண்டு. அதுவரை எனக்கு இருந்ததெல்லாம் பயமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. என் தலை போனால் போகட்டும். அவள் இல்லாத வீட்டில் நான் யாரிடம் போய்ப் பயப்படுவேன்?

நான் மூட்டையை விட்டு எழுந்திருக்கவில்லை. அவள் கல்லறைக்குக் கரைத்து மிஞ்சிய சுண்ணாம்பையும் துத்தத்தையும் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டாள். மோட்டார் சத்தம் கேட்டு ஓடினேன். பந்தலுக்குக் கீழே அவள் ஓஸைத் தூக்கி அடித்துக்கொண்டிருக்க, “வேணாம் ஆரோக்கியம்” என்று கத்திக்கொண்டு பின்னாலிருந்து ஓஸை இழுத்தேன். சகதி வழுக்கி அவள் சாய்ந்தாள். கல்தூணில் தலை மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் அவள் பேசவே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. மாதாவே, மாதாவே என்று அவளைத் தூக்கி மடியில் போட்டேன். கண்ணைத் திறந்தவள், “ஓஸ விடுங்க, மருந்து வீணாப் போகுது” என்றாள். நான் அழுதேன்.

இன்று தேனியில் அதே இடத்தில் அவளுக்கும் தலையை ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். வீக்கம்தான் என்கிறார்கள். ரிப்போர்ட் நாளைக்கு. வேளாங்கண்ணி மாதாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறேன். அவள் தலையில் சுண்ணாம்பு ஒரு துளிகூட இருக்கக் கூடாது. இல்லை என்று மட்டும் வந்துவிட்டால் என் தலையில் இருப்பதைப் பற்றி ஜென்மத்துக்கும் வாயைத் திறக்க மாட்டேன்.

ஆகவே ஐயா, என் கேள்வி: மனிதர் தலைக்குள் உள்ள பைன் காயில் படிந்த சுண்ணாம்பைக் கரைக்க எதைத் தெளிக்க வேண்டும்? எந்தப் பருவத்தில்? அடுத்த இதழ் வரை பொறுக்க முடியாது. மறு தபாலில் பதில் எழுதவும்.

தங்கள் குடும்பத்தார் தலைகளும், அச்சுக்கோக்கிறவர், பார்சல் கட்டுகிறவர் தலைகளும் தூசி துரும்பில்லாமல் விளங்க மன்றாடும்,

தங்கள் கீழ்ப்படிதலுள்ள வாசகன்,
பீட்டர்ராஜ்

பின்குறிப்பு: தபால் பெட்டியில் போடுவதற்கு முன்னால் ரிப்போர்ட் வந்துவிட்டது. மாதா என்னைக் கைவிடவில்லை. ஆரோக்கியத்தின் தலையில் சுண்ணாம்பு ஒரு துளிகூட இல்லையாம். அந்தத் தைரியத்தில் என் தாளையும் டாக்டரிடம் நீட்டினேன். அவர் சிரித்துவிட்டார். “இதுக்கா பயந்தீங்க? மருந்து அடிச்சதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. உங்க வயசுல இது இல்லாட்டித்தான் ஆச்சரியம்” என்றார். சந்தோஷத்தில் பஸ்ஸில் முறுக்கு வாங்கிக் கொடுத்து அவளைக் கூட்டிவந்தேன். வந்த கையோடு இரண்டு பேருமாகப் பந்தலுக்கு மருந்து அடித்தோம். வேல்பாண்டிகூட வந்து பார்த்துவிட்டுப் போனான். பாதிப் பந்தல் அடித்திருப்பேன். அப்போதுதான் உறைத்தது. அவளுக்கும் என் வயதுதானே ஐயா? அவளுக்கு ஏன் இல்லை?

மேலே கேட்ட கேள்வியை அடித்துவிட்டு, அவள் தலையில் சுண்ணாம்பு ஏறுவதற்கு எதைத் தெளிக்க வேண்டும் என்று மட்டும் உடனே தெரிவிக்கவும். அதுவரை கலக்கும்போது முந்தானையால் மூக்கை மூடக் கூடாது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவள் கம்பைத் தூக்கிக்கொண்டு வருகிறாள்.