மூன்று முதல் ஆறு பேர் வரை

ஆகஸ்ட் 4, திங்கள். இன்று ஒரு சிறு பிழை நேர்ந்தது. வாங்கிய பலகை விளையாட்டின் மேல் 'ஆட்டக்காரர்கள்: 3–6' என்று அச்சிட்டிருப்பதைப் பெட்டியைப் பிரித்த பிறகே கவனித்தேன். வீட்டில் இருப்போர்: இருவர். திருப்பி அனுப்பலாமா என்று யோசித்தேன். அப்படி யோசித்தது சரிதானா என்றும் யோசித்தேன். நாளைய பணி: பலர் ஆடும் விளையாட்டுகளில் இருவருக்குப் பொருந்துவது எது என ஆராயத் தொடங்குதல்.

மனித குலம் நெருப்பை மூட்டியது, சக்கரத்தை உருட்டியது, காவிரிக்குக் குறுக்கே அணை கட்டியது. எல்லாம் பெரிய காரியங்கள்தான். ஆனால் ஆறு பேர் ஆட வேண்டியதை இரண்டு பேர் ஆடுவது எப்படி என்று மூன்று நாள் ஆராய்ந்து, பதினெட்டுப் பக்க அறிக்கை எழுதிய பெருமை பாபநாசம் மதிவாணன் ஒருவனுக்கே உரியது. அதை உரிய மரியாதையோடு பதிவு செய்வது நம் கடமை.

மதிவாணனுக்கு வயது இருபத்தெட்டு. பாசன அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளர். எந்த வாய்க்காலுக்கு எந்தக் கிழமை தண்ணீர் என்று முறை அட்டவணை போடுவது அவன் வேலை. செவ்வாயும் வியாழனும் மாலையில் பஸ் ஏறித் தஞ்சாவூருக்குப் போய் 'ஆளுமை வளர்ச்சி' வகுப்பில் உட்காருவான். வகுப்பை நடத்திய வெற்றிசெல்வன் சார் எல்லோரையும் தினமும் டைரி எழுதச் சொல்லியிருந்தார். முதல் வரியில் அன்றைய பிழை, கடைசி வரியில் நாளைய பணி. நடுவில் என்ன எழுதுவது என்று அவர் சொல்லவில்லை. அதனால் மதிவாணனும் நடுவில் அதிகம் எழுதுவதில்லை.

போன வாரம் சார் சொன்னது இது: "கணவன் மனைவிக்குள்ள பேச்சு வளரணும்னா போனை ஓரமா வச்சிட்டு ஒரு போர்டு கேம் ஆடுங்க. பேச்சு தானா வரும்."

மதிவாணன் குறித்துக்கொண்டான். அவன் வீட்டில் பேச்சு ஏற்கெனவே வந்து, உட்காரச் சொல்ல ஆளில்லாமல் நின்றுகொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

அவன் மனைவி மேகலா நாகப்பட்டினத்துப் பெண். அப்பா மீன் ஏலம் எடுப்பவர். லேப் டெக்னீஷியன் படித்துவிட்டு, கல்யாணமான ஒன்றரை வருடமாக வீட்டில் இருந்தாள். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து இப்போது வேலைக்கான கடிதம் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வருகிறாளா இல்லையா என்று பதில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் அதை அவன் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என்னங்க, படிச்சுட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க. போகட்டுமா, இருக்கட்டுமா?"

அவன் இரண்டு தடவை படித்தான். ஓரத்தில் பென்சிலால் தேதி போட்டான். பிறகு 'பரிசீலனையில்' என்று எழுதிய கோப்பில் வைத்து நாடாவைக் கட்டினான். மனைவியின் கடிதத்துக்குத் தனிக் கோப்பு போடும் கணவன் எத்தனை பெண்களுக்கு வாய்க்கிறான்?

செவ்வாய்க்கிழமை ஆராய்ச்சி தொடங்கியது. முதலில் ராஜா, மந்திரி, போலீஸ், திருடன். நான்கு சீட்டு, நான்கு பேர். இரண்டே பேர் என்றால் போலீஸும் திருடனும் மட்டும் மிஞ்சுவார்கள். 'திருடனைக் கண்டுபிடிக்கும் சிரமம் பெருமளவு குறைகிறது. போலீசாரின் வெற்றி நூறு சதவீதம்' என்று நோட்டில் எழுதினான். அடுத்தது ஏலம் கேட்கும் விளையாட்டு. 'மூன்றாவது ஆள் இல்லாமல் ஏலம் சூடு பிடிக்காது. தவிர, இருவரில் ஒருவர் ஏலக்காரரின் மகள். நிராகரிக்கப்படுகிறது.' பண்டமாற்று விளையாட்டு: 'எதிராளி கேட்டதைக் கொடுத்தால் எதிராளி ஜெயிப்பார் என்பது தெளிவாகத் தெரிவதால் இருவரும் எதையும் கொடுப்பதில்லை. ஆட்டம் நகராது.' பரமபதம் மட்டும் அவன் மனதைத் தொட்டது. 'இருவருக்கும் நன்றாகப் பொருந்தும். ஆரம்பம் முதல் முடிவு வரை யாரும் எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்லை.' பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டான்.

மதகடியில் நின்று இதையெல்லாம் லஸ்கர் வைரக்கண்ணுவிடம் படித்துக் காட்டினான். மதகு ஷட்டரை ஏற்றி இறக்குவது அவர் வேலை.

"ரெண்டே பேருன்னா ஆடுபுலி ஆடுங்களேன் சார். மூணாவது ஆளே வேணாம்."

"அது ரெண்டு பேருக்குன்னே உண்டானது. அதைத் தேர்ந்தெடுக்கறதுல என்ன ஆராய்ச்சி இருக்கு?"

"அதுவும் சரிதான். இன்னிக்கே முடிஞ்சிட்டா நாளைக்கு என்ன பண்றது." வைரக்கண்ணு சக்கரத்தைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தார். "வீட்டுல அவங்க என்ன ஆட்டம் கேக்குறாங்க?"

"கருத்துக் கேட்பு மூணாவது கட்டம். இப்ப முதல் கட்டம்தான் போயிட்டிருக்கு."

"ஓகோ. கடைமடை வரைக்கும் தண்ணி போச்சுன்னு இன்னிக்கு ரிப்போர்ட் எழுதணுமே சார்."

கடைமடை என்பது வாய்க்காலின் கடைசி வயல். தண்ணீர் அங்கே கடைசியில்தான் போகும், போனால்.

"அதைக் காலையிலயே எழுதி அனுப்பிட்டேன்."

"நான் இப்பத்தான சார் திறக்கறேன்."

"போயிடும்ல?"

வைரக்கண்ணு தண்ணீரைப் பார்த்தார். "நீங்க எழுதிட்டீங்கன்னா அது போய்த்தானே சார் ஆகணும்" என்றார்.

புதன்கிழமை மாலை செய்முறைச் சோதனை. வாங்கிய விளையாட்டில் ஓர் ஆறு, அதன் கரையில் ஆறு ஊர்கள், ஆறு நிறத்தில் காய்கள். ஒவ்வொருவரும் தம் முறை வரும்போது ஆற்றிலிருந்து தண்ணீர் எடுத்து நாற்று நட வேண்டும். மூன்று பேர் போதும் என்று பெட்டி சொன்னது. அப்படியானால் இல்லாத ஓர் ஆளைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் இல்லாத நான்கு பேரில் ஒருவரை மட்டும் எப்படிச் சேர்ப்பது? மற்ற மூவர் என்ன தப்பு செய்தார்கள்? மதிவாணனால் பாரபட்சத்தைத் தாங்க முடியாது. நான்கு பேரையும் சேர்த்தான்.

அலுவலகத்தில் அவன் மனப்பாடமாக அறிந்த விதி ஒன்று உண்டு. வயலில் ஆள் நிற்கவில்லை என்பதற்காக ஒரு வாய்க்காலின் முறையைத் தாண்டிப் போகக் கூடாது. அதே நீதியை மேசைக்கும் கொண்டுவந்தான். சிவப்பு அவன், பிளாஸ்டிக் நாற்காலியில். மஞ்சளுக்கு இன்னொரு பிளாஸ்டிக் நாற்காலி. பச்சைக்கு ஸ்டூல். கறுப்புக்கு டிவி வந்த அட்டைப்பெட்டி. வெள்ளைக்கு ஜன்னல் திண்டு. நீலம் மேகலா. அடுப்பில் பால் இருந்ததால் சமையலறை வாசலில் அரிசி டிரம்மின் மேல் அவளுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. வரிசையில் கடைசி.

"மஞ்சள் யாருங்க?"

"யாரும் இல்ல. ஆனா அவருக்கும் முறை உண்டு."

சிவப்பு ஆடி முடித்ததும் மதிவாணன் எழுந்து மஞ்சளின் நாற்காலியில் போய் உட்கார்ந்தான். அங்கிருந்து பார்த்தால்தான் மஞ்சளின் கஷ்டம் புரியும். "மஞ்சளுக்கு இப்ப தண்ணி தேவையா, நாத்து தேவையா?" என்று மெல்லக் கேட்டுக்கொண்டான். எட்டு நிமிடம் ஆயிற்று. பிறகு ஸ்டூல். பச்சையின் நிலைமை மோசம். பதினோரு நிமிடம். அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்தபோது அது நசுங்கியது. கறுப்பிடம் மன்னிப்புக் கேட்டான்.

"என்னங்க, வெள்ளிக்கிழமை அஞ்சு மணி..."

"உன் முறை வரும்போது சொல்லு மேகலா. வெள்ளை யோசிச்சிட்டிருக்காரு."

மேகலா எழுந்துபோய்ப் பாலை இறக்கினாள். திரும்பி வந்தபோதும் வெள்ளை யோசித்துக்கொண்டிருந்தார். நாற்பதாவது நிமிடம் அவள் முறை வந்தது. ஒரு நீலக் காயை எடுத்துக் கட்டத்தில் வைத்தாள்.

"வந்துடுச்சா? இப்ப சொல்றேன். கோயம்புத்தூர் வேலைக்கு நான்..."

"ஒரு முறைக்கு ஒரு காரியம்தான். நீ நாத்து வச்சிட்ட. அடுத்து சிவப்பு."

"அடுத்த தடவை நாத்து வைக்காம பேசலாமா?"

மதிவாணன் விதிப் புத்தகத்தைப் புரட்டினான். ஆங்கிலத்தில் இருந்தது, இரண்டு தடவை புரட்டினான். "அதைப் பத்தி எதுவும் போடலியே. சார்கிட்ட கேட்டுட்டு வர்றேன்."

ஆட்டத்தில் வெள்ளை ஜெயித்தார். மதிவாணன் ஜன்னல் திண்டைப் பார்த்துக் கை தட்டினான். மேகலாவும் தட்டினாள். ஒரே ஒரு தட்டு.

வியாழக்கிழமை வகுப்பில் அறிக்கை வாசிக்கப்பட்டது. பதினெட்டுப் பக்கம், மூன்று அட்டவணை. 'நாற்காலி மாறி அமர்தல்' என்ற புதிய வழிமுறையைக் கேட்ட வெற்றிசெல்வன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எம்பதி. இதுக்குப் பேருதான் எம்பதி" என்றார் வகுப்பைப் பார்த்து. "அடுத்தவங்க இடத்துல உக்காந்து பாக்கறது. இவர் நாலு பேர் இடத்துல உக்காந்திருக்காரு."

கடைசி பெஞ்சிலிருந்து சௌந்தரநாயகி எழுந்தாள். நீடாமங்கலம் பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

"வீட்டுக்காரம்மா என்ன சொன்னாங்க சார்?"

மதிவாணன் பதினேழாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். 'மனைவியின் கருத்து' என்று தலைப்பு இருந்தது. கீழே மூன்று கோடு போட்ட காலியிடம். அதற்கும் கீழே அடைப்புக்குறிக்குள், 'அவர் முறை வரும்போது பூர்த்தி செய்யப்படும்.'

"மூணு கோடு தாராளம்" என்றார் சார். வகுப்பு கை தட்டியது. சௌந்தரநாயகி தட்டினாளா என்று அவன் இருந்த இடத்திலிருந்து தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை அந்த மூன்று கோட்டை நிரப்பும் நோக்கத்தோடு, நான்கு மணிக்கே வீட்டுக்கு வரக் கிளம்பினான். வழியில் ஒரு சந்தேகம். கருத்தை நீல மையில் எழுதுவதா, கறுப்பு மையிலா? கறுப்பில் எழுதினால் கறுப்பின் கருத்து என்று யாராவது நினைக்கலாம். நீலப் பேனா வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பினான். வீட்டுக்குள் வந்தபோது மணி ஐந்தேகால்.

மேசையில் பலகை விரித்தபடி இருந்தது. கூடத்தில் ஒரு துணிப்பெட்டி மூடியிருந்தது. மேகலா அரிசி டிரம்மின் மேல் உட்கார்ந்து துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அவன் சட்டைகள்.

"மேகலா, மூணாவது கட்டம் வந்தாச்சு. இப்ப நீ சொல்லலாம்."

"நாலரை மணிக்கு மெயில் போட்டுட்டேங்க. வர்றேன்னு. திங்கக்கிழமை சேரணும். நாளைக்கு மத்தியான ரயில்."

மதிவாணன் பேனாவின் மூடியைத் திறந்தான். திறந்த கையோடு நின்றான். "என்கிட்ட ஒரு வார்த்தை..."

"ஞாயித்துக்கிழமை கேட்டேன். திங்கக்கிழமை கேட்டேன். புதன்கிழமை நாப்பது நிமிஷம் டிரம்மு மேல உக்காந்திருந்து கேட்டேன்." அவள் குரல் உயரவில்லை. ஒரு சட்டையின் காலரை நீவி விட்டாள். "மஞ்சளுக்கு என்ன வேணும்னு கேட்டீங்க. பச்சைக்கு என்ன வேணும்னு கேட்டீங்க. அட்டைப்பெட்டிகிட்ட மன்னிப்புக் கேட்டீங்க. எல்லார் இடத்துலயும் போய் உக்காந்தீங்க. இந்த டிரம்மு மேல மட்டும் உக்காரல."

"அது... அங்க நீ இருந்த."

"ஆமா. இருந்தேன்."

அவள் அடுத்த சட்டையை எடுத்து மடித்தாள். பிறகு அவளே கேட்டாள். "இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப் போகல. ஒரு மெயில்தான், மாத்திப் போட்டா ஆச்சு. இல்ல நீங்களும் மாத்தல் கேட்டு வர்றேன்னு சொல்லுங்க, நாளைக்கு நிம்மதியா ஏறுவேன். போகவா, இருக்கவா? உங்க மனசுல என்ன இருக்கு?"

மதிவாணன் மனதில் நிறைய இருந்தது. இரு என்பது இருந்தது, போ என்பது இருந்தது, நானும் வருகிறேன் என்பதும் இருந்தது. ஆனால் மூன்றில் ஒன்றை மட்டும் சொல்வது மற்ற இரண்டுக்கும் பாரபட்சம் இல்லையா?

"பரிசீலிச்சு..." என்றான்.

மேகலா சிரித்தாள். கோபமில்லாத சிரிப்புதான். மடித்த சட்டைகளை அலமாரியில் அடுக்கிவிட்டு வந்து, பலகையில் அவள் நட்டிருந்த ஒற்றை நீலக் காயை நேராக நிறுத்தினாள்.

"இதை எடுத்து வச்சிடாதீங்க. நாளையிலேருந்து நானும் இல்லாத ஆளுதானே. இனிமேதான் என் முறை தவறாம வரும்."

ஆகஸ்ட் 8, வெள்ளி. இன்றைய பிழை: அறிக்கையின் முதல் பக்கத்தில் 'வீட்டில் இருப்போர்: இருவர்' என்று உள்ளது. திருத்த வேண்டும். பதினேழாம் பக்கத்தில், கடைமடை வரை சென்றடைந்தது என்று எழுதி, அடித்துவிட்டேன். நாளைய பணி: மத்தியான ரயிலில் மேகலாவின் பெட்டியை ஏற்றிவிட்டு வந்து, அரிசி டிரம்மின் மேல் உட்கார்ந்து, நீலத்துக்கு என்ன தேவை என்று யோசித்தல்.